கடையில் வாடிக்கையாளரை எப்படிக் கூப்பிடுவது? சார், மேடம், அக்கா, அண்ணா... எது சரி?

லென்ஸ்துணி:

மூக்குக்கண்ணாடிக் கடையில் 11 வருஷமாக கவுண்டரில் நிற்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை பழக்கிவிடுவதும் இப்போது என் பொறுப்பு. போன வாரம் நடந்த ஒரு சம்பவம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த இழை.

சேர்ந்து 9 நாள்தான் ஆன பெண். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு நரைகூட இல்லை. கணவர் தன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கறுப்பு பிரேமைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடியில் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண் அந்த அம்மாவிடம், "மேடம், உங்க அப்பாவுக்கு இது எடுப்பா இருக்கு" என்றாள்.

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காதோரத்து முடியை ஒருமுறை தடவிக்கொண்டார். பிரேமைக் கழற்றி, மடக்கி, தட்டில் வைத்தார். பழைய கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்புறம் வர்றோம்மா" என்றார். அந்த "ம்மா"வில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்களுக்குக் கொடுத்திருக்கும் பயிற்சித் தாளில் இதைப் பற்றி இருப்பது ஒரே வரி: ஒவ்வொரு வாக்கியத்திலும் "சார்" அல்லது "மேடம்" வரவேண்டும். அந்தப் பெண் அதைத் தப்பாமல் செய்தாள். "மேடம்" சரியாகவே வந்தது. காயம் வந்தது அடுத்த இரண்டு வார்த்தையில்.

அந்தத் தாளை மாற்றி எழுதச் சொல்லி எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. கடைக்குப் போகிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள். உங்களை எப்படிக் கூப்பிட்டால் மனசுக்குச் சரியாகப் படுகிறது? எது உறுத்துகிறது?

மாடிப்படி:

சார், மேடம் போதும். யாருக்கும் சொந்தமில்லாத வார்த்தை, யாரையும் உறுத்தாது. வயசைச் சொல்லாது, உறவு கொண்டாடாது. அந்தப் பெண் செய்த தப்பு ஊகித்தது. அதற்கும் அழைப்புக்கும் சம்பந்தமில்லை.

ஊதாநூல்:

மாடிப்படி, சம்பந்தம் இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் "சார், மேடம்" என்பதோடு நிற்பதில்லை, உறவுமுறைக்குப் போய்விடுகிறோம். அங்கே ஊகிக்காமல் வாயையே திறக்க முடியாது.

யோசித்துப் பாருங்கள். கூடப் பிறந்தவரைக் கூப்பிட நம்மிடம் இருப்பது அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. நாலிலும் "உன்னைவிடப் பெரியவர், உன்னைவிடச் சின்னவர்" என்ற கணக்கு உள்ளேயே இருக்கிறது. வயசு சொல்லாமல் கூப்பிட ஒரு சொல்கூடக் கிடையாது. "உடன்பிறப்பு" என்று யாராவது கவுண்டரில் கூப்பிடுவார்களா? "சகோதரி" மேடைக்குத்தான். ஆகவே "அக்கா" என்றாலே, "பார்த்தேன், கணக்குப் போட்டேன், நீங்கள் என்னைவிடப் பெரியவர்" என்று சொல்லியாகிவிட்டது.

எனக்கு 34. கல்லூரித் தோழியோடு துணி எடுக்கப் போனேன். இருவருக்கும் ஒரே வயசு, ஒரே வகுப்பு. எங்களுக்குத் துணி எடுத்துப் போட்டவர் அவளை "சிஸ்டர்" என்றார், என்னை "ஆன்ட்டி" என்றார். மடித்த புடவையைப் பிரித்து என் தோளில் போட்டுக்கொண்டே, "ஆன்ட்டி, இது உங்க வயசுக்கு அடக்கமா இருக்கும்." அன்றைக்கு நான் எடுக்கப் போனது பளீரென்ற சிவப்பு. எடுக்காமல் வந்தேன். இதைப் படிக்கிறவர்கள் அழகு பற்றிய கவலை என்று நினைக்கக்கூடும். இல்லை. நான் யார், எனக்கு எது பொருந்தும் என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே ஒருவர் முடிவு செய்துவிட்டார், அந்தக் கவலை.

கல்லாப்பெட்டி:

நான் சொந்தமாக இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன், கோபிக்காதீர்கள்.

என்னிடம் வருகிறவர்கள் கையில் உடைந்த தாழ்ப்பாளையோ ஒழுகுகிற குழாயையோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். என்ன கேட்பது என்றே பல பேருக்குத் தெரியாது. பெயர் தெரியாத சாமானைக் கேட்பதில் ஒரு கூச்சம் இருக்கும். அப்போது "சொல்லுங்கண்ணே, எங்க ஒழுகுது?" என்றால் அந்தக் கூச்சம் போகிறது. "சார், என்ன வேண்டும்?" என்றால் அவர் இன்னும் இறுகிப்போகிறார். நான் கண்ணால் பார்த்தது இது. "சார்" என்பது நடுவில் ஒரு மேஜையைப் போடுகிற மாதிரி. "அண்ணே" என்றால் மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்துவிடுகிறார்.

பெரிய கடைகளில் ஊழியர் மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார், வாடிக்கையாளரும் திரும்ப வரமாட்டார். அங்கே சார், மேடம் சரி. திரும்பத் திரும்ப வருகிற முகத்தை எப்படி "சார்" என்பது?

லென்ஸ்துணி:

கல்லாப்பெட்டி அண்ணாச்சி (பாருங்கள், நானும் உறவுக்கு வந்துவிட்டேன்), நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. கடை உங்களுடையது. "அண்ணே" என்று கூப்பிடலாமா என்று உங்கள் மனசுக்குத் தோன்றும்போது கூப்பிடுகிறீர்கள். 19 வயசுப் பெண்ணிடம் "எல்லோரையும் அண்ணா என்று கூப்பிடு" என்று சட்டமாகச் சொன்னால், அவள் விரும்பாத ஆளிடமும் உறவு சொல்லியாக வேண்டும். அதைச் சாக்காக வைத்து "அண்ணன்கிட்ட நம்பர் தரமாட்டியா" என்று நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடுப்பக்கம்:

மொழிபெயர்ப்பு என் தொழில். ஒரு மொழியின் மரியாதையை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவதில்தான் தினமும் அடிபடுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் எல்லோரும் பெயர்ச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம். சாரா, அண்ணாவா, மேடமா, அக்காவா? தமிழில் மரியாதை முதலில் குடியிருப்பது வினையில். "வாங்க. உட்காருங்க. என்ன பார்க்குறீங்க? இதைப் போட்டுப் பாருங்க." இதில் ஒரு விளிச்சொல்கூட இல்லை. மரியாதையில் ஏதாவது குறைகிறதா? ஆங்கிலத்தில் இப்படி முடியாது. அங்கே அரசனுக்கும் பிள்ளைக்கும் வினை ஒன்றுதான், "யூ"வும் ஒன்றுதான். அதனால் மரியாதையை வெளியே "சார்" என்று ஒட்டவேண்டியிருக்கிறது. நமக்கு அது தேவையே இல்லாத ஒட்டு. "ங்க" ஆணா பெண்ணா என்று கேட்காது, வயசு கேட்காது, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்காது.

இந்த "ங்க" வந்த வழியும் சுவையானது. ஒருவரைப் பன்மையால் குறிப்பதைப் பற்றித் தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலிலேயே பேசுகிறது. அது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கணப்படி அமைந்ததல்ல என்கிறது. அதாவது மரியாதைப் பன்மையைக் கொண்டுவந்தது மக்கள் வாய்தான். பழைய தமிழில் "நீர்" என்றாலே பலர். பிறகு அது ஒருவருக்கான மரியாதைச் சொல்லாயிற்று. பலருக்கு என்று "கள்" சேர்த்து "நீங்கள்" வந்தது. அதுவும் பிறகு ஒருவருக்கே உரியதாகிவிட்டது. மரியாதைச் சொல் தேயத் தேய மக்கள் இன்னொரு பன்மையை மேலே ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவிலும் இதே கதை. லத்தீனில் ஒருவருக்கு "டூ", பலருக்கு "வோஸ்". பிரெஞ்சில் அந்தப் பன்மையிலிருந்து வந்த "வூ" இன்றும் கடையில் அந்நியரிடம் பேசும் முறை. ஆனால் ஸ்வீடனைப் பாருங்கள். அங்கே ஒரு காலத்தில் எதிரே நிற்பவரின் பட்டத்தைச் சொல்லி, படர்க்கையில் பேசவேண்டும், "இயக்குநர் என்ன விரும்புகிறார்?" என்பது மாதிரி. பட்டம் தெரியாவிட்டால் பேச்சே தடுமாறும், வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையில் திருப்பிச் சமாளிப்பார்கள். 1960களின் இறுதியில் அந்தப் பழக்கம் உடைந்து எல்லோருக்கும் "டு", அதாவது நம் "நீ", என்றாயிற்று. 1967ல் அரசின் மருத்துவ வாரியத் தலைவராகப் பதவியேற்ற புரூர் ரெக்செட், ஊழியர் எல்லோரையும் "டு" என்றே அழைப்பேன் என்று சொன்னது அந்த மாற்றத்தின் அடையாளமாக இன்றும் பேசப்படுகிறது.

கவனிக்க வேண்டியது பிறகு நடந்தது. சில பத்தாண்டு கழித்து, கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் மரியாதை என்று நினைத்து வாடிக்கையாளரை "நி" என்று பன்மையில் அழைக்கத் தொடங்கினார்கள். வயதானவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் இளமையில் "நி" என்பது பட்டமில்லாதவரை, தனக்குக் கீழே உள்ளவரைக் கூப்பிடும் சொல். கொடுத்தவன் மரியாதையாகக் கொடுத்தான், வாங்கியவருக்கு அவமதிப்பாகக் கிடைத்தது. சொல்லுக்குள் அதன் பழைய வாழ்க்கை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஊதாநூல்:

"ஆன்ட்டி"க்குள்ளும் அப்படித்தான் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. சீனாவில் "ஷியாவ்ஜியே" என்றால் "செல்வி" என்ற அர்த்தத்தில் மரியாதையான சொல்தான். பெருநிலத்தில் பல இடங்களில் அது பாலியல் தொழிலைக் குறிக்கும் பேச்சுவழக்காகிவிட்டதால் இப்போது அப்படிக் கூப்பிட்டால் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். பிரான்சில் 2012ல் அரசுப் படிவங்களிலிருந்து, கல்யாணமாகாத பெண்ணைக் குறிக்கும் "மதுமுவாசெல்" என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். ஆணுக்கு ஒரே சொல் போதும்போது பெண்ணிடம் மட்டும் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பானேன்?

தெருமுனை:

ப்ரோ என்று கூப்பிடுகிறார்கள் என்னை. எனக்கு 61. முதலில் திடுக்கென்றது, இப்போது பிடித்திருக்கிறது :)

காதுமாட்டி:

தொலைபேசிச் சேவையில் 6 வருஷம் இருந்தேன். லென்ஸ்துணி, அந்த "ஒவ்வொரு வாக்கியத்திலும் சார்" விதியை முதலில் கிழித்துப் போடுங்கள். எங்களுக்கும் ஒரு தாள் இருந்தது. ஒரு அழைப்புக்குள் வாடிக்கையாளர் பெயரை 3 தடவை சொல்லவேண்டும். பேச்சைப் பதிவு செய்து எண்ணுவார்கள், குறைந்தால் மதிப்பெண் போகும். ஒருமுறை ஒருவர் இறந்துபோன மனைவியின் இணைப்பைத் துண்டிக்கக் கூப்பிட்டார். கணக்கு மனைவி பெயரில் இருந்தது. திரையில் தெரிந்த அந்தப் பெயரை வாய் தன்போக்கில் சொல்லிவிட்டது, "நன்றி" என்று முடிக்கும்போது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணிக்கைக்காகப் பேசினால் இதுதான் நடக்கும். ஆள் மறைந்து விதி மட்டும் நிற்கும்.

தென்கொரியாவில் இது வேறு எல்லைக்குப் போயிருக்கிறது. கொரிய மொழியில் மரியாதைக்குரியவர் செய்யும் வினையில் ஒரு சிறப்பு உருபு சேரும். சேவை ஊழியர்கள் பயத்தில் அதைப் பொருளுக்கும் சேர்த்துவிடுகிறார்கள். "அந்த அளவு இல்லை" என்பதைத் தமிழில் சொன்னால் "அந்த அளவு இங்கே எழுந்தருளவில்லை" என்கிற மாதிரி. இலக்கணப் பிழை என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் சேர்க்காமல் விட்டால் வாடிக்கையாளர் கோபிப்பாரோ என்ற பயம். அந்தப் பயத்தில் அர்த்தமும் இருந்தது. ஊழியர்மேல் விழும் வசவும் மிரட்டலும் அவ்வளவு பெருகியதால், 2018 அக்டோபர் முதல், வாடிக்கையாளரோடு பேசும் ஊழியரைக் காப்பது முதலாளியின் கடமை என்று அங்கே சட்டமாயிற்று. ஜப்பானில் டோக்கியோ நகரம் வாடிக்கையாளர் தொல்லைக்கு எதிராக 2024ல் விதி இயற்றி, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. "வாடிக்கையாளர் கடவுள்" என்று அளவில்லாமல் சொல்லிக்கொண்டே போனால் எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

நடுப்பக்கம்:

காதுமாட்டி சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். "சார்" மேல்நோக்கி மட்டும் ஓடுகிற சொல். 2021ல் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி, அலுவலகத்துக்கு வருகிற மக்கள் அதிகாரிகளை "சார்", "மேடம்" என்று கூப்பிட வேண்டாம், பெயராலோ பதவியாலோ கூப்பிட்டால் போதும் என்று தீர்மானம் போட்டது. கடையில் அதே சொல் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஊழியர் "சார்" என்கிறார். பதிலுக்கு அவருக்கு என்ன கிடைக்கிறது?

பழையபேனா:

நடுப்பக்கம் கேட்டதற்கு நான் பதில் சொல்லவேண்டும். பல வருஷமாக நான் கடையில் "ஏம்ப்பா", "தம்பி இங்க வா", "அதை எடு" என்றுதான் பேசிவந்தேன். என் மகள் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்தாள். என்னம்மா என்றேன். "இன்னைக்கு முழுக்க ஒருத்தர்கூட என்னை நீங்கன்னு சொல்லலைப்பா" என்றாள். அதற்குப் பிறகு என்னால் எந்தக் கடையிலும் "எடு" என்று சொல்ல முடியவில்லை. "எடுங்க" என்றுதான் வருகிறது, 16 வயசுப் பையனிடமும். பையன்கள் முதலில் ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள்.

எதிர்வெயில்:

என் குரல் மெல்லியது. போனில் எல்லோரும் "மேடம்" என்கிறார்கள். "நான் ஆண்ங்க" என்றால் "சாரி மேடம்" என்கிறார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் திருத்துவதா விடுவதா என்று யோசிக்கும் அந்த ஒரு நொடி எனக்கு மட்டும்தான். என் தங்கைக்கு முடி குட்டையாக வெட்டியிருப்பதால் பின்னாலிருந்து "சார்". நடுப்பக்கம் சொன்ன "ங்க" எங்கள் வீட்டுக்கு ரொம்ப உபகாரம்.

சக்கரம்:

இதுவரை யாரும் தொடாத ஒன்று. எப்படிக் கூப்பிடுவது என்பதற்கு முன்னால், யாரைக் கூப்பிடுவது?

நான் சக்கர நாற்காலியில் போகிறேன். கூட வருவது தம்பி. சட்டை எனக்கு, பணம் என் பையில், அளவு எனக்குத்தான் தெரியும். கடையில் என் தலைக்கு மேலே பேச்சு நடக்கும்: "இவருக்கு என்ன சைஸ் வரும்?" பிரிட்டனில் பிபிசி வானொலியில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிகழ்ச்சி ஒன்று 1977ல் தொடங்கியது. அதன் பெயரே "இவர் சர்க்கரை போட்டுக்கொள்வாரா?" என்பதுதான். எங்களைப் பார்க்காமல் கூட வந்தவரைக் கேட்கும் அந்தக் கேள்வி. பெயர் வைத்து இத்தனை வருஷம் ஆகியும் கேள்வி மாறவில்லை.

லென்ஸ்துணி, உங்கள் கடையில் நடந்ததும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. பிரேம் போட்டுப் பார்த்தது அவர். அந்தப் பெண் பேசியது அந்த அம்மாவிடம். அவரிடமே "இது உங்களுக்கு எடுப்பா இருக்குங்க" என்று சொல்லியிருந்தால் "அப்பா" என்ற சொல்லுக்கே இடமில்லை.

லென்ஸ்துணி:

சக்கரம், இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். 11 வருஷத்தில் எனக்குத் தோன்றாதது. எங்கள் தொழிலில் இது இன்னும் மோசம். புது பிரேம் போட்டுப் பார்ப்பவர் தன் கண்ணாடியைக் கழற்றியிருப்பார். பிரேமில் இருப்பது வெறும் மாதிரி லென்ஸ், அதில் பவர் கிடையாது. பவர் அதிகமானவருக்கு எங்கள் முகமே மங்கலாகத்தான் தெரியும், நிலைக்கண்ணாடியில் தன் முகமும் சரியாகத் தெரியாது. அந்த நேரத்தில் அவருக்கு இருப்பது எங்கள் குரல் மட்டும். அந்தக் குரலையும் அவரை விட்டுவிட்டு வேறு பக்கம் திருப்பியிருக்கிறோம்.

கல்லாப்பெட்டி:

நான் தோற்றுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பழகின முகத்துக்கு "அண்ணே" என் வாயிலிருந்து போகாது, போகவும் கூடாது. ஆனால் முதல்முறை வருகிறவருக்கு நேற்றிலிருந்து "சொல்லுங்க" மட்டும் சொல்லிப் பார்த்தேன். குரலைத் தணித்து, கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதுமாகத்தான் இருக்கிறது. வேறெங்கோ பார்த்துக்கொண்டு "சொல்லுங்க" என்றால் விரட்டுகிற மாதிரி இருக்கிறது. இதையும் தாளில் எழுதுங்கள்.

மாடிப்படி:

ஒத்துக்கொள்கிறேன், "ங்க" என் "சார், மேடத்தை"விட நல்லது. ஆனால் ஒரு இடத்தில் உதைக்கிறது. ஒருவர் பணம் கொடுத்துவிட்டு வாசல்வரை போய்விட்டார், குடையை விட்டுவிட்டார். இப்போது எதைச் சொல்லிக் கூப்பிடுவது? வினையை வைத்து முதுகைக் கூப்பிட முடியாது. "சார்" என்றால் கடையில் பாதிப் பேர் திரும்புவார்கள். பெயர் தெரிந்தால் சொல்லலாமா?

லென்ஸ்துணி:

பெயர் எங்கள் சீட்டில் இருக்கும், பக்கத்திலேயே வயசும் இருக்கும். ஆனால் கூட்டத்தில் ஒருவர் பெயரைச் சத்தமாகச் சொல்வதை எல்லோரும் விரும்புவதில்லை. அதனால் அவர் எங்களிடம் தன் வாயால் பெயர் சொன்ன பிறகு மட்டும், பெயரோடு "ங்க" சேர்த்து.

தாளை எழுதிவிட்டேன். அரைப் பக்கம்தான் வந்தது. யார் பிரேமைப் போட்டுப் பார்க்கிறாரோ அவரிடம் பேசவும். கூட வந்திருப்பவர் யார் என்று அவர்களாகச் சொல்லும்வரை எந்த உறவும் சொல்லவேண்டாம். விளிச்சொல் கட்டாயமில்லை, "ங்க" கட்டாயம். அவர்கள் உங்களை எப்படிக் கூப்பிட்டார்களோ அந்த உறவில் பதில் சொல்ல விருப்பமிருந்தால் சொல்லலாம், விருப்பமில்லாவிட்டால் வேண்டாம், யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். கண்ணாடியைக் கழற்றியவரிடம் பேசுமுன் "நான் உங்க வலது பக்கம் நிக்கிறேங்க" என்று சொல்லவும். பழைய "ஒவ்வொரு வாக்கியத்திலும் சார்" வரியை அடித்துவிட்டேன்.

மாடிப்படி கேட்ட முதுகு விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். இன்று மத்தியானம் நல்ல கூட்டம். ஒருவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழையது இருந்த கூட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு வாசலைத் தாண்டிவிட்டார். அந்தப் பெண்தான் முதலில் பார்த்தாள். கூட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "சார்" என்றும் சொல்லவில்லை, "அண்ணா" என்றும் சொல்லவில்லை. "பச்சைக் கூடு! பச்சைக் கூடு விட்டுட்டுப் போறீங்க!" என்று கத்தினாள். தெருவில் ஒரே ஒருவர்தான் திரும்பினார்.